படகு வீட்டுக்கு எந்த இணைப்பு?

வீடு என்றால் முதலில் ஒரு முகவரி வேண்டும். கதவு எண், தெருப் பெயர், பின்கோடு. இன்டர்நெட் இணைப்புக்கு விண்ணப்பித்தால் கம்பெனிக்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான். அந்த முகவரிக்கு ஆள் வருவார், கம்பி இழுப்பார், சுவரில் துளை போடுவார், பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். சரி, அந்த வீடே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாறினால்...?

இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள், கால்வாய்ப் படகுகளில். அந்தக் கால்வாய்களில் பெரும்பாலானவை 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நிலக்கரியும் மற்ற சரக்கும் கொண்டுபோக வெட்டப்பட்டவை. ரயில் வந்தது, பிறகு லாரி வந்தது, சரக்குப் படகுகள் ஓய்ந்துபோயின. கால்வாய்கள் மட்டும் மிஞ்சின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2000 மைல் நீர்வழிகளை 2012 முதல் 'கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அவற்றில் மிதக்கும் 'நேரோபோட்' என்ற படகின் அகலம் 7 அடிக்கும் சற்றுக் குறைவு. நீளம் 72 அடி வரை போகும். ரயில் பெட்டியைவிட ஒடுக்கமான அந்த இடத்துக்குள் அடுப்பு, படுக்கை, குளியலறை, விறகு அடுப்பு எல்லாம் இருக்கும். 2020-ல் கொரோனா வந்தபிறகு பலருக்கு அதற்குள்ளேயே அலுவலகமும் வந்துவிட்டது.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பி.காம். பாடப்புத்தகக் கணக்குகளில் எப்போதும் ஒரு ஆள் இருப்பார். கடை வைப்பார், கடன் வாங்குவார், நஷ்டப்படுவார். இந்தக் கட்டுரைக்கும் அப்படி ஒருவர் தேவை. அவருக்குப் பெயர் வேண்டாம், 'கணக்குப்பிள்ளை' என்றே இருக்கட்டும். லண்டனுக்கும் பர்மிங்ஹாமுக்கும் இடையே 137 மைல் ஓடும் கிராண்ட் யூனியன் கால்வாயில் இருக்கிறது அவருடைய படகு. ஒரு சின்ன நிறுவனத்தின் கணக்குகளைப் படகிலிருந்தபடியே பார்க்கிறார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தினமும் மூன்று வீடியோ கால்.

லண்டன் வாடகை கட்டுப்படியாகாமல்தான் படகுக்கு வந்தார். வேலை போனால் படகின் உரிமக் கட்டணம், டீசல், பழுதுச் செலவு எல்லாம் நின்றுவிடும். கால் நடுவில் படம் உறைந்து, வாய் பாதி திறந்தபடி அவர் முகம் திரையில் நின்றால், எதிர்முனையில் இருப்பவர் "பாவம், மரத்தடியில் படகு கட்டியிருக்கிறார்" என்று நினைக்க மாட்டார். "இவரை நம்ப முடியாது போலிருக்கிறதே" என்றுதான் நினைப்பார். ஆக அவருக்கு வேண்டியது வேகமான இணைப்பு அல்ல, பேர் கெடுக்காத இணைப்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விஷயமே.

14 நாள் சட்டம்

முதலில் சட்டம். படகு கட்ட நிரந்தர இடம் வைத்திருப்பவர்கள் ஒரு வகை. அவர்களில் சிலருக்கு, இடத்தைப் பொறுத்து, கரையிலிருந்து மின்சாரமும் லேண்ட்லைனும்கூடக் கிடைக்கும். மெரினாக்களில் வைஃபை கொடுப்பார்கள். ஆனால் அது ஊருக்கே பொதுக்குழாய் மாதிரி, மாலையில் எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தால் சொட்டு சொட்டாகத்தான் வரும்.

நிரந்தர இடம் இல்லாதவர்கள் இன்னொரு வகை. 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி இவர்கள் உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும். நியாயமான காரணம் இல்லாமல் ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இந்த வகைப் படகுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் உரிமக் கட்டணத்தில் 5 சதவீதம் கூடுதல், 2028-க்குள் அது படிப்படியாக 25 சதவீதம் ஆகும் என்றும் டிரஸ்ட் அறிவித்திருக்கிறது. கணக்குப்பிள்ளை இந்த இரண்டாம் வகை.

இதன் பொருளாதார அர்த்தம் என்ன? நிலத்தில் இருப்பவர் ஒரு இடத்துக்கு எது நல்ல இணைப்பு என்று ஒருமுறை விசாரித்தால் போதும். இவரோ வருடத்தில் குறைந்தது 26 இடங்களுக்கு விசாரிக்க வேண்டும். போன இடத்தில் பிரமாதமாக வந்த சிக்னல் அடுத்த வளைவில் செத்துக் கிடக்கும். "எந்த கம்பெனி நல்லது?" என்று கேட்டால் படகுக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வதற்கும் இதுதான் காரணம். எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், அவரவர் கட்டிய இடத்து உண்மையை.

ஒரு காலுக்கு எவ்வளவு வேண்டும்?

விளம்பரங்களில் 100, 300, 500 எம்பிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். சுமாரான 720பி தரத்தில் ஒருவரோடு ஒருவர் பேசும் வீடியோ காலுக்கு ஜூம் நிறுவனம் சொல்வது போக 1.2, வர 1.2 எம்பிபிஎஸ்தான். வெறும் குரல் என்றால் 100 கேபிபிஎஸ்கூட வேண்டாம். நூறு லிட்டர் தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கிற கதை.

அப்படியானால் கால் ஏன் அறுகிறது? மூன்று காரணங்கள்.

ஒன்று, நாம் அனுப்பும் பக்கம். படம் பார்ப்பதற்கு இறங்கும் வேகம் போதும். பேசுவதற்கு ஏறும் வேகமும் வேண்டும். டவரிடம் சக்தி உண்டு, அது உரக்கக் கத்தும். கையிலிருக்கும் சின்ன மோடம் தூரத்து டவருக்குக் கத்த முடியாது. அதனால் சிக்னல் குறையும்போது முதலில் அடிவாங்குவது ஏறும் பக்கம்தான். "நீங்கள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது, என் குரல் உங்களுக்குக் கேட்கிறதா?" என்ற வசனம் பிறப்பது இங்கேதான்.

இரண்டு, தாமதம். ஒரு வார்த்தை இங்கிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐ.டி.யு. என்ற சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. அதற்கு மேல் போகப் போக இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்கள் சொல்லுங்கள்", "இல்லை, நீங்களே சொல்லுங்கள்" என்று ஆகிவிடும்.

மூன்று, சீரின்மை. படம் இறங்கும்போது இரண்டு செகண்ட் சிக்னல் போனால் யாருக்கும் தெரியாது, முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும். பேச்சை முன்கூட்டி இறக்கி வைக்க முடியுமா? அந்த இரண்டு செகண்டில் "இந்த மாத நஷ்டம்" என்பதிலிருந்து 'நஷ்டம்' விழுங்கப்பட்டால் போச்சு.

ஆகவே ஸ்பீடு டெஸ்டில் ஒரே ஒருமுறை 80 எம்பிபிஎஸ் காட்டியது என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. நாள் முழுக்க, ஏறும் பக்கம் 3 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே இறங்காத இணைப்பு எதுவோ அதுதான் வேலைக்கு ஆகும்.

இரும்புப் பெட்டிக்குள் ஒரு மனிதர்

நேரோபோட் பெரும்பாலும் இரும்புத் தகடு. அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கம் 6, கூரை 4 என்பது வழக்கமான கணக்கு. ரேடியோ அலை இதற்குள் நுழைவது கதவு, ஜன்னல் வழியாகத்தான். போதாக்குறைக்குப் படகு தண்ணீர் மட்டத்தில் தாழ்வாகக் கிடக்கிறது. கால்வாய் பல இடங்களில் மேட்டை வெட்டிக்கொண்டு பள்ளத்தில் போகும். ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாயில் உட்சீவ்ஸ் என்ற இடத்தில் இரு பக்கமும் பாறைச் சுவர் மாதிரி உயர்ந்து நிற்கும். அங்கே வானமே ஒரு கீற்றுதான்.

இதனால்தான் போனை ஜன்னலில் சாய்த்து வைத்து ஹாட்ஸ்பாட் போடுவது அவசரத்துக்கு மட்டுமே உதவும். தொடர்ந்து வேலை செய்பவருக்கு வேண்டியது சிம் போடும் ஒரு 4ஜி அல்லது 5ஜி ரவுட்டர், கூரைமேல் ஒரு ஆன்டெனா. இங்கே நாலு விஷயம் கவனிக்க வேண்டும்.

எந்தத் திசையிலிருந்தும் வாங்கும் ஆன்டெனாவும் உண்டு, ஒரே திசையை நோக்கி வைக்கும் ஆன்டெனாவும் உண்டு. இரண்டாவதற்குச் சக்தி அதிகம். ஆனால் அடிக்கடி நகரும் படகில் ஒவ்வொரு முறையும் டவர் எங்கே என்று தேடித் திருப்ப வேண்டும். நகர்பவருக்கு முதல் வகையே நிம்மதி.

ஆன்டெனாவிலிருந்து ரவுட்டர் வரை போகும் கேபிள் நீளமானால் வழியிலேயே சிக்னல் கரையும். ரவுட்டரை ஆன்டெனாவுக்கு நேர் கீழே வைத்து, அங்கிருந்து வைஃபையில் படகு முழுக்கக் கொடுப்பதுதான் சரி.

'மூன்று புள்ளி காட்டுகிறது' என்பதை நம்பக்கூடாது. ஒவ்வொரு போனும் புள்ளிகளை ஒவ்வொரு விதமாகக் காட்டும். ரவுட்டரின் உள்பக்கத்தில் டிபிஎம் என்ற எண் இருக்கும். மைனஸ் 90 என்றால் நன்று, மைனஸ் 110 என்றால் மோசம். இரண்டுக்கும் நடுவே 20 தானே என்று நினைக்கலாம். அந்த 20 என்பது நூறு மடங்கு சக்தி வித்தியாசம்!

கடைசியாக, ஆன்டெனா மந்திரக்கோல் அல்ல. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். காற்றில் இருக்கும் சிக்னலைத்தான் அது அள்ளும், இல்லாததை உண்டாக்காது. கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று கண்ட பூஸ்டரை வாங்கி மாட்டுவதும் கூடாது. ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் விதிகளுக்கு உட்படாத பூஸ்டரைப் பயன்படுத்துவது பிரிட்டனில் குற்றம். யாராவது பழைய 3ஜி டாங்கிளை இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். ஈஈ, வோடஃபோன் இரண்டும் 2024-ன் தொடக்கத்திலேயே 3ஜியை மூடிவிட்டன.

பெயர் வேறு, டவர் ஒன்று

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு சிம்மை நம்பி இருக்க முடியாது, இரண்டு வேண்டும். இதை எல்லோரும் சொல்கிறார்கள். எந்த இரண்டு என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கணக்குக்காக ஒரு உதாரணம். ஒரு சிம் நூற்றில் ஐந்து கால்களில் சொதப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் மூன்று கால், மாதம் 22 வேலை நாள் என்றால் 66 கால். அதில் மூன்றுக்கு மேல் கெடும். நிரந்தரம் ஆகாத ஊழியருக்கு மாதம் மூன்று என்பது அதிகம். இப்போது அதே அளவு சொதப்பும் இன்னொரு சிம்மைச் சேர்ப்போம். இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டால்தான் கால் கெடும். புள்ளியியல் வகுப்பில் படித்தபடி 0.05-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 0.0025. அதாவது 400 காலுக்கு ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை! சுமாரான இரண்டு சேர்ந்து பிரமாதமான ஒன்றை ஜெயித்துவிட்டன.

ஆனால் அந்தப் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். பரீட்சையில் அந்த வரியை எழுத மறந்தால் ஒரு மார்க் போகும். படகில் மறந்தால் வேலை போகும்.

பிரிட்டனில் சிம் விற்கும் பெயர்கள் ஏராளம். கிஃப்காஃப், டெஸ்கோ மொபைல் இரண்டும் ஓடுவது ஓ2 நெட்வொர்க்கில். வாக்ஸி வோடஃபோனில். ஸ்மார்ட்டி த்ரீயில். கிஃப்காஃப் சிம் ஒன்று, டெஸ்கோ சிம் ஒன்று என்று வாங்கி வைத்துக்கொண்டு 'இரண்டு இணைப்பு இருக்கிறது' என்று நினைப்பவர் உண்மையில் வைத்திருப்பது ஒரே இணைப்பு. ஒரே கிணற்றில் இரண்டு வாளி விட்டால் கிணறு வற்றும்போது இரண்டும் காலியாகத்தானே வரும்?

இன்னும் ஆழமாகப் போனால் நெட்வொர்க்குகளே கோபுரங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. வோடஃபோனும் ஓ2-வும் 2012-ல் கோபுரப் பகிர்வை விரிவாக்கி, 'கார்னர்ஸ்டோன்' என்ற கூட்டு நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தன. ஈஈயும் த்ரீயும் 'எம்பிஎன்எல்' என்ற கூட்டு நிறுவனம் வழியாகப் பகிர்ந்தன. 2025 மே 31-ல் வோடஃபோனும் த்ரீயும் ஒன்றாக இணைந்தன. இணைந்த கம்பெனி இரண்டு நெட்வொர்க்குகளையும் ஒன்றாக்குவதாகவே அறிவித்திருக்கிறது. ஆகவே வோடஃபோன் ஒன்று, த்ரீ ஒன்று என்ற பழைய ஜோடியின் பலம் குறைந்துகொண்டே போகும். இப்போதைக்குப் பொருத்தமான ஜோடி ஈஈ ஒன்று, ஓ2 ஒன்று. அல்லது ஈஈ ஒன்று, வோடஃபோன் ஒன்று. வாங்குவதற்கு முன்பு 'இது யாருடைய டவரில் ஓடுகிறது?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

வானத்திலிருந்து வரும் இணைப்பு

'இந்தத் தொல்லையே வேண்டாம், ஸ்டார்லிங்க் டிஷ் ஒன்றைக் கூரையில் வைத்தால் முடிந்தது' என்பவர்கள் உண்டு. பழைய சாட்டிலைட் இன்டர்நெட்டைப் போல் இது இல்லை என்பது உண்மை. பழையவை பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். ஒளி வேகத்திலேயே ஏறி இறங்க ஒரு வழிக்குச் சுமார் 240 மில்லிசெகண்ட் ஆகிவிடும். ஐ.டி.யு. சொன்ன 150-ஐ அப்போதே தாண்டியாகிவிட்டது. ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள் பறப்பது சுமார் 550 கிலோமீட்டரில். தாமதம் நல்ல 4ஜி அளவுக்குத்தான். டவரே இல்லாத மலைப் பக்கங்களில் அது வரப்பிரசாதம்.

ஆனால் அதற்கு வானம் அகலமாகத் தெரிய வேண்டும். சாட்டிலைட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, டிஷ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒரு மரக்கிளை வந்தால் சில செகண்டுகள் இணைப்பு போகும். படம் பார்ப்பவருக்கு அது தெரியாது, கால் பேசுபவருக்குத் தெரியும். இங்கிலாந்துக் கால்வாய்க் கரைகளோ மரமும் புதரும் மண்டியவை. அழகுக்காகத்தான் பாதிப்பேர் அங்கே போகிறார்கள்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வானம் திறக்கும், ஆனால் வெயில் இல்லாததால் சோலாரில் மின்சாரம் வராது. கோடையில் மின்சாரம் வேண்டிய மட்டும் வரும், ஆனால் இலை அடர்ந்து வானம் மூடிவிடும். நிழலில் கட்டினால் சோலார் போச்சு, வெயிலில் கட்டினால் இரும்புப் பெட்டிக்குள் மனிதர் வெந்துபோவார்.

வாட் கணக்கு

படகில் மின்சாரம் என்பது பேட்டரியில் இருக்கும் சேமிப்பு. 12 வோல்ட், 110 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆகவே எடுக்கக்கூடியது 55 ஆம்பியர்-மணி. 12-ஆல் பெருக்கினால் 660 வாட்-மணி. இதுதான் கையிருப்பு.

இனி எட்டு மணி நேர வேலை நாளின் செலவு. லேப்டாப் 50 வாட் என்றால் 400. சிம் ரவுட்டர் 10 வாட் என்றால் 80. ஆக மொத்தம் 480, ஒரு பேட்டரிக்குள் அடங்கிவிட்டது. ரவுட்டருக்குப் பதில் 75 வாட்டாவது இழுக்கும் வழக்கமான ஸ்டார்லிங்க் டிஷ் என்றால் அதற்கு மட்டும் 600. லேப்டாப்போடு சேர்த்து 1000, பேட்டரி தாங்காது. 2024-ல் வந்த 'மினி' டிஷ் 25 முதல் 40 வாட்தான் எடுக்கிறது. 30 என்று வைத்தால் 240, லேப்டாப்போடு 640. மயிரிழையில் தப்பிக்கலாம்.

பல படகுகளில் இப்படி மூன்று நாலு பேட்டரிகள் இருக்கும்தான். ஆனால் ஃப்ரிட்ஜ், தண்ணீர் பம்ப், விளக்கு எல்லாம் அதே கையிருப்பில்தான் கை வைக்கும். டிசம்பரில் சோலார் பேருக்குத்தான். அப்புறம் இன்ஜினை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். மற்ற படகுகளுக்கு அருகே கட்டியிருந்தால் இரவு 8 முதல் காலை 8 வரை இன்ஜின் ஓட்டக் கூடாது என்பது டிரஸ்டின் விதி. அதாவது காலை 9 மணி காலுக்கு வேண்டிய மின்சாரத்தை முந்தின நாள் இரவு 8 மணிக்குள் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் பெரிய டிஷ் வாங்குவது யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்பதுதான்.

இங்கேயும் அதே பழைய பாடம். ஈஈ சிம், ஓ2 சிம், டிஷ் என்று மூன்று இணைப்பு இருந்தாலும் மூன்றும் ஒரே பேட்டரியில் தொங்கினால் பேட்டரி சாகும் நொடியில் மூன்றும் சாகும். அதனால் இரண்டாவது சிம் ரவுட்டரில் இருப்பதைவிட போனில் இருப்பது நல்லது. போனுக்குச் சொந்த பேட்டரி உண்டு, கையில் எடுத்துக்கொண்டு பாலத்து மேலே ஏறி நிற்கவும் முடியும்.

ஒப்பந்தம்

காமர்ஸ் மாணவர்கள் விழித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. 24 மாத ஒப்பந்தத்தில் மாதக் கட்டணம் குறைவாகத் தெரியும். நகரும் ஆளுக்கு அது பொறி. மூன்றாவது மாதம் அந்த நெட்வொர்க் எட்டாத பக்கம் போய்விட்டால் மீதி 21 மாதக் கட்டணமும் மூழ்கிய செலவு. 30 நாள் சிம்முக்கு மாதம் ஓரிரு பவுண்டு கூடக் கொடுத்தாலும் அது வெளியேறும் உரிமைக்குக் கொடுக்கும் விலை. படகுக்காரருக்கு அந்த உரிமைதான் சொத்து.

டேட்டா எவ்வளவு வேண்டும்? போக 1.2, வர 1.2, மொத்தம் 2.4 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.1 ஜிபி. ஒவ்வொரு காலும் ஒரு மணி நேரம் என்றால் மாதம் 66 மணி, 70 ஜிபிக்குச் சற்று மேல். அளவில்லாத 30 நாள் சிம்கள் 20 பவுண்டை ஒட்டிக் கிடைக்கின்றன. முதல் சிம் அப்படி இருக்கட்டும். இரண்டாவது சிம்மில் 10, 20 ஜிபி இருந்தால் போதும், ஏனென்றால் அது தினமும் உழைக்கப்போவதில்லை. இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி நினைத்துக் கட்ட வேண்டிய தொகை அது. டிஷ் வேண்டுமா என்பது எந்தப் பக்கம் போகிறோம் என்பதைப் பொறுத்தது. டவர் இல்லாத பக்கம் அடிக்கடி போகாதவருக்கு அது ஆடம்பரம்.

ஒரு எச்சரிக்கை. ரவுட்டர் ஒரு சிம் போனதும் இன்னொன்றுக்குத் தானாக மாறும் என்பார்கள். மாறும், ஆனால் மாறும்போது இணைய முகவரியும் மாறுவதால் நடந்துகொண்டிருக்கும் கால் சில செகண்ட் தடுமாறும், சில சமயம் அறுந்தே போகும். இரண்டு இணைப்பிலும் ஒரே நேரத்தில் அனுப்பி, எது முன்னால் போய்ச் சேருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும் சேவைகளும் உண்டு. அவற்றுக்குத் தனிக் கட்டணம், டேட்டாவும் இரட்டிப்பு. இதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது, பலர் மறந்துவிடுகிறார்கள். பல மீட்டிங் அழைப்புகளில் சாதாரண போனில் டயல் செய்து சேரும் எண்ணும் இருக்கும். முகம் தெரியாது, குரல் தெளிவாகக் கேட்கும். கணக்கு கேட்பவருக்குக் குரல் போதும்.

கணக்குப்பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை

இவ்வளவும் வாங்கி மாட்டிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. எங்கே கட்டுவது என்ற முடிவு.

கால்வாயில் படகின் வேக வரம்பு மணிக்கு 4 மைல். நடக்கிற வேகம். வேலை நாளில் சிக்னல் இல்லை என்று தெரிந்தபிறகு அடுத்த நல்ல இடத்துக்கு நகர்ந்து போய்ச் சேர முடியாது. நார்தாம்ப்டன்ஷயரில் பிளிஸ்வொர்த் சுரங்கம் ஒன்றைக் கடக்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன் நீளம் 2.8 கிலோமீட்டர், உள்ளே நெட்வொர்க்காவது ஒன்றாவது!

ஆகவே கணக்குப்பிள்ளை சனி, ஞாயிறில்தான் நகர்கிறார். போகப்போகும் இடத்தை முதலில் ஆஃப்காம் வரைபடத்தில் பார்க்கிறார். வரைபடம் கணிப்புதான், இரும்புக் கூரையையும் மரத்தையும் அது அறியாது. ஆகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோரமாகப் போய், போனை இடுப்பு உயரத்தில் பிடித்து, இரண்டு சிம்மிலும் ஏறும் வேகத்தைப் பார்க்கிறார். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் நல்ல எண் வரும், ஆனால் படகு அங்கே மிதக்கப்போவதில்லை. ஞாயிறு மதியம் வெறிச்சோடி இருக்கும் டவர் திங்கள் காலை கூட்டத்தில் திணறலாம். ஆகவே திங்கட்கிழமை முதல் காலுக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து மறுபடி பார்க்கிறார். சரியில்லை என்றால் அருகிலுள்ள நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் முந்தின நாளே குறித்து வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் செய்திருக்கிறார். தான் படகில் இருப்பதை மேலாளரிடம் சொல்லிவிட்டார். சொல்வதா மறைப்பதா என்று பல நாள் யோசித்தார். மறைத்தால் ஒவ்வொரு தடங்கலும் சோம்பலாகவோ பொய்யாகவோ தெரியும். சொன்னால், "வீடியோ போனால் இரண்டு நிமிடத்துக்குள் போனில் வருவேன்" என்று வாக்குக் கொடுக்கலாம். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் மாதம் 20 பவுண்டு சிம்மும், அதோடு இன்னொரு சின்ன சிம்மும், 660 வாட்-மணிக் கணக்கும், சைக்கிளும்.

நிரந்தரம் ஆகும் கடிதம் வர இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் அவர் எட்டு இடமாவது மாற வேண்டும். எட்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.